உயரம் 4 அடி 10 அங்குலம், மார்பளவு 38, கையில் 4000 ரூபாய்: வேலைக்கு என்ன உடுத்துவது?

குட்டிக்குருவி | ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் மூன்று வாரத்தில் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்கிறேன். முதல் வேலை. கல்லூரி முடியும் வரை அக்காவின் குர்தியும் லெகிங்ஸுமாக ஓட்டிவிட்டேன். அக்கா என்னைவிட ஐந்து அங்குலம் உயரம். அவளுக்கு முழங்காலில் நிற்கும் குர்தி எனக்குக் கெண்டைக்காலில் நிற்கும்.

நேற்று தி.நகர் போயிருந்தேன். 'எம்' போட்டால் மார்பில் மாட்டிக்கொள்கிறது, கழற்ற அம்மா உதவிக்கு வர வேண்டியிருந்தது. 'எக்ஸ்எல்' போட்டால் மார்பு சரி, ஆனால் தோள் தையல் முழங்கையை நோக்கி இறங்குகிறது, இடுப்பு வளைவு என் தொடையில் வருகிறது. விற்பனைப் பையன் பாவம், ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "நைட்டி செக்‌ஷன் மேல் மாடியில இருக்குக்கா" என்றான். நான் நைட்டி கேட்கவே இல்லை.

உயரம் 4 அடி 10. மார்பு 38, இடுப்பு 31, அதற்குக் கீழே 40. பட்ஜெட் 4000 ரூபாய், அப்பாவிடம் இதற்கு மேல் கேட்கப் போவதில்லை. வாரத்தில் நான்கு நாள் ஆபீஸ். குர்தி, பேன்ட் போதும். அடுத்த மாதம் சித்தி பெண் கல்யாணத்துக்கு ஒரு சேலை கட்ட வேண்டும், சேலை வீட்டிலேயே இருக்கிறது. என்ன செய்யலாம்?

வடபழனி வாசி | ஞாயிறு, காலை 10.41

சிம்பிள். கறுப்பு, நேவி புளூ, மெரூன் மட்டும் வாங்குங்கள். நெடுக்குக் கோடு போட்டது எடுங்கள். மூன்று அங்குல ஹீல்ஸ். பெரிய பூ, அகலக் கரை, கிடைக்கோடு பக்கமே போகாதீர்கள். லூசாகப் போடுங்கள், தெரியாது.

புரசைப் பொண்ணு | ஞாயிறு, காலை 11.05

எது தெரியாது? அவர் எதையும் மறைக்கக் கேட்கவில்லையே. ஆபீஸுக்கு என்ன போடலாம் என்றுதான் கேட்டிருக்கிறார்.

எனக்கும் இதே உடம்புதான், அவரைவிட ஓர் அங்குலம் உயரம். பத்து வருடம் கறுப்பும் லூசுமாகத் திரிந்தேன். மார்பு பெரிதாக இருப்பவர்கள் லூசாகப் போட்டால் துணி மார்பின் நுனியிலிருந்து நேராகக் கூடாரம் மாதிரி இறங்கும். உள்ளே இடுப்பு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. என் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோக்களில் நான் மூடி வைத்த கிரைண்டர் போல இருக்கிறேன்.

வடபழனி வாசி | ஞாயிறு, காலை 11.12

நல்லதுக்குத்தான் சொன்னேன். எல்லா இடத்திலும் இதைத்தானே எழுதுகிறார்கள்.

குட்டிக்குருவி | ஞாயிறு, காலை 11.30

சண்டை வேண்டாம். எனக்கு உயரமாகத் தெரியவேண்டும் என்றெல்லாம் இல்லை. அக்கா துணியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தவள் போலத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

ஊசிநூல் | ஞாயிறு, மதியம் 2.50

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். கோடம்பாக்கத்தில் 22 வருடமாகத் தைக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் அளவுதான் தங்கச்சி. நீங்கள் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை.

முதலில் காசு விஷயம். 4000 ரூபாயையும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைத் தையலுக்கு ஒதுக்குங்கள். 350 ரூபாய் குர்தியைச் சரியாகப் பிடித்துப் போட்டால், சரியில்லாத 1500 ரூபாய் குர்தி அதன் பக்கத்தில் நிற்காது.

ரெடிமேட் எடுக்கும்போது உங்கள் உடம்பில் எது பெரிய அளவோ அதற்கு எடுக்க வேண்டும். உங்களுக்கு அது மார்பு. பிடித்துக் குறைப்பது சுலபம், இல்லாத துணியை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? ஆனால் மார்புக்கு எடுத்தால் தோள் தொங்கும். தோளை ஒழுங்காகக் குறைக்க வேண்டுமென்றால் கையைப் பிரித்து, தோளை வெட்டி, கைக்குழியைச் சரிசெய்து, மறுபடி கையை ஏற்ற வேண்டும். அது அரை நாள் வேலை, 150 ரூபாய்க்குக் குறைந்து யாரும் செய்ய மாட்டார்கள், செய்தால் நன்றாக இருக்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கை தைக்காமல், கைத்துணியை உள்ளே பின் பண்ணி விற்கும் குர்திகள் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் நீங்கள் தேடி எடுக்க வேண்டும். கை ஏற்றுவதற்கு முன்பே தோளை அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று உங்கள் எலும்பு முடியும் இடத்துக்கு வெட்டிவிட்டு, அப்புறம் கை வைத்துவிடலாம். எப்படியும் கை வைக்கக் கூலி கொடுக்கத்தானே போகிறீர்கள்.

அப்புறம் இடுப்பு வளைவு. ரெடிமேடில் அது உயரமானவர்களுக்கு வைத்த இடத்தில் இருக்கும். உங்களுக்கு ஒன்றரை அங்குலம் மேலே ஏற வேண்டும். இதைச் சொல்லாமல் "சைடு பிடிச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் டெய்லர் இருக்கும் கோட்டுக்கு இணையாகப் பிடித்துவிடுவார். வளைவு தவறான இடத்தில் இன்னும் இறுக்கமாக நிற்கும், உட்காரும்போது துணி மேலே சுருண்டு வரும். குர்தியைப் போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் இடுப்பு எங்கே என்று கையை வைத்துக் காட்டுங்கள், சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சைடு ஓப்பன் எங்கே ஆரம்பிக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் 40 அளவு வரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே பிரிந்துவிட வேண்டும். கீழே ஆரம்பித்தால் அந்த இடத்தில் இழுத்து வயிற்றுக்குக் கீழே குறுக்கே சுருக்கம் விழும். எல்லோரும் அதைப் பார்த்து நாம் குண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓப்பனை இரண்டு அங்குலம் ஏற்றினால் போச்சு.

நீளம்: கடையில் தொங்குவது 44, 46 அங்குலம். உங்களுக்கு 36லிருந்து 38. கீழ்க்கரையில் பிரின்ட், எம்பிராய்டரி இருப்பதை எடுத்தால் வெட்டும்போது அழகெல்லாம் என் குப்பைக்கூடைக்கு வந்துவிடும். உடல் முழுவதும் ஒரே மாதிரி பிரின்ட் ஓடுவதாகப் பார்த்து எடுங்கள்.

துணியாக எடுத்துத் தைத்தால் உங்களுக்கு லாபம்தான். மற்றவர்களுக்கு இரண்டரை மீட்டர் வாங்கும் டாப்ஸ் உங்களுக்கு இரண்டேகாலில் முடிந்துவிடும். உயரம் குறைவாக இருப்பதில் கிடைக்கும் ஒரே தள்ளுபடி அது, விடாதீர்கள்.

மொட்டைமாடி | ஞாயிறு, மாலை 4.15

ஊசிநூல் அக்கா, கை நீளம் பற்றிச் சொல்லவில்லையே? நான் எப்போதும் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்வேன், ஏனோ எனக்கு அகலமாகவே தெரிகிறது.

ஊசிநூல் | ஞாயிறு, மாலை 4.40

கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். கை முடியும் கோடும் மார்பின் நடுவும் ஒரே மட்டத்தில் இருந்தால், கண் அந்தக் கைக்கோட்டிலிருந்து இந்தக் கைக்கோடு வரை ஒரே கோடாகப் போகும். அதுதான் அகலம். இரண்டு அங்குலம் மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் முழங்கைக்குக் கீழே முக்கால் கை வையுங்கள். முக்கால் கை குள்ளமானவர்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் நம் ஊர் மே மாதத்தில் நான் அதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

தரமணி இஞ்சிடீ | ஞாயிறு, மாலை 6.02

ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். 'எக்ஸ்எல்' ஏன் எல்லாப் பக்கமும் பெரிதாக வருகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நடு அளவுக்கு மட்டும்தான் உண்மையில் ஒரு பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான வரைபடம்) வரைவார்கள். மற்ற அளவுகளை அதிலிருந்து ஒரு விகிதத்தில் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். மார்பு இரண்டு அங்குலம் ஏறினால் தோளும் கைக்குழியும் நீளமும் சேர்ந்து ஏறும். மார்பு பெரிதானால் ஆளும் பெரிது என்று அந்தக் கணக்கு நம்புகிறது. குட்டிக்குருவி மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டில் 5 அடி 4 அங்குலமும் அதற்குக் கீழும் இருந்தால் 'பெட்டிட்' என்று தனி அளவே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமே கிட்டத்தட்ட 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அடி. அப்படிப் பார்த்தால் இங்கே அதுதான் சாதாரண அளவாக இருக்க வேண்டும்.

நம் அளவுகளுக்கென்று ஒரு அட்டவணை போட, ஆடை வடிவமைப்புக்கான மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்று ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. முப்பரிமாண ஸ்கேனரில் 25,000 பேரை அளக்கும் திட்டம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங் என்று ஆறு ஊர். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை.

புரசைப் பொண்ணு | ஞாயிறு, மாலை 6.10

ஷில்லாங் வரை போனவர்களுக்கு சென்ட்ரலில் இறங்கத் தோன்றவில்லை பாருங்கள்.

தரமணி இஞ்சிடீ | ஞாயிறு, மாலை 6.31

இன்னொரு துணுக்கு. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய துணி) கடைகளில் லேபிள் வெட்டாமல் இருந்தால் அளவைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் அது பெட்டிட். தோளும் இடுப்புக்கோடும் சேர்த்தே குறைத்திருப்பார்கள். குவியலில் பத்துக்கு ஒன்றுகூட வராது, ஆனால் எனக்கு அப்படி ஒரு சட்டை 200 ரூபாய்க்குக் கிடைத்தது, மூன்று வருடமாக அதையேதான் எல்லா இன்டர்வியூவுக்கும் போடுகிறேன்.

பீச் ஸ்டேஷன் | ஞாயிறு, இரவு 8.20

குழந்தைகள் செக்‌ஷனில் 13-14 வயது அளவு எடுத்தால் பாதி விலைதானே? என் தோழி அப்படித்தான் வாங்குகிறாள்.

குட்டிக்குருவி | ஞாயிறு, இரவு 8.33

உங்கள் தோழிக்கு மார்பு 38 இருக்காது என்று நினைக்கிறேன். நான் அதில் வாங்க முடிவது செருப்பு மட்டும்தான். முன்னால் கார்ட்டூன் பூனை இல்லாத செருப்பு கிடைத்தால்.

புரசைப் பொண்ணு | ஞாயிறு, இரவு 9.45

யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை, நானே சொல்கிறேன். குருவி, குர்தி வாங்குவதற்கு முன்னால் பிரா அளவைப் பாருங்கள். இப்போது என்ன அளவு போடுகிறீர்கள்?

குட்டிக்குருவி | ஞாயிறு, இரவு 9.52

38 பி. பிளஸ் டூ படிக்கும்போது அம்மா வாங்கிக் கொடுத்த அளவு. மார்பு 38 என்றால் 38 தானே?

புரசைப் பொண்ணு | ஞாயிறு, இரவு 10.20

அப்படித்தான் நம் எல்லோர் வீட்டிலும் வாங்கினார்கள். அந்த எண் மார்பின் அளவு கிடையாது. மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டையின் அளவு. அங்கே டேப்பை வைத்து இறுக்கமாக அளந்து பாருங்கள். 33 வந்தால் பட்டை 34. மார்பு 38, பட்டை 34, வித்தியாசம் நான்கு. ஓர் அங்குலத்துக்கு ஓர் எழுத்து: ஏ, பி, சி, டி. ஆக 34 டி.

'டி' என்றதும் பயப்பட வேண்டாம். 38 பி, 36 சி, 34 டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான். பட்டைதான் மாறுகிறது. நீங்கள் இப்போது போடுவதில் கப் சரியாக இருக்கும், பட்டை லூசாக முதுகில் மேலே ஏறிக்கொண்டே போகும், முன்னால் எல்லாம் கீழே இறங்கும். நம்மைப் போல உடம்பின் மேல்பாதி குட்டையாக இருப்பவர்களுக்கு அது இறங்கினால் மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே இடமே இருக்காது. பட்டை சரியானால் நடுவில் இரண்டு விரல் இடம் கிடைக்கும். அந்த இரண்டு விரலில்தான் உங்கள் இடுப்பு இருக்கிறது.

ஒன்று 500, 600 ரூபாய் ஆகும். பட்ஜெட்டில் வலிக்கும். பரவாயில்லை, ஒன்றாவது வாங்குங்கள். முதுகு ஹூக்கைக் கடைசி வரிசையில் மாட்டினால் சரியாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும்போது உள்வரிசைக்குப் போகலாம்.

ஊசிநூல் | திங்கள், காலை 7.05

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அளவு கொடுக்கவும் அந்தப் புதிய பிராவைப் போட்டுக்கொண்டே போங்கள். ஒன்றைப் போட்டு அளவு கொடுத்துவிட்டு, வேறொன்றைப் போட்டுக்கொண்டு வந்து "டாட் (மார்பில் பிடிக்கும் மடிப்பு) இடம் மாறிப்போச்சு" என்று என்னிடம் சண்டை போடுபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர்.

பெரம்பூர் பெரியம்மா | திங்கள், காலை 9.30

சேலை விஷயத்தை யாரும் தொடவில்லை. நான் 4 அடி 9. அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு போனவள்.

கண்ணு, சேலை அகலம் 45, 46 அங்குலம் இருக்கும். உனக்கு இடுப்பிலிருந்து தரை வரை 36 இருந்தால் அதிகம். மீதிப் பத்து அங்குலம் எங்கே போகும்? சுருட்டிச் சுருட்டி இடுப்பில் சொருகுகிறாய். கொசுவத்தில் ஐந்தாறு மடிப்பு, ஒவ்வொன்றிலும் பத்து அங்குலம். வயிற்றில் ஒரு தலையணையே வைத்துக் கட்டியது போல ஆகிவிடும். அது உன் வயிறு இல்லை, சேலை.

நான் என்ன செய்வேன் என்றால், தினம் கட்டும் வாயில் (மெல்லிய பருத்தி), சின்தெடிக் சேலைகளில் மேல்பக்கக் கரை சிறியதாகவோ இல்லாமலோ இருந்தால் அந்தப் பக்கம் ஐந்து அங்குலம் நீளவாக்கில் வெட்டி ஓரம் அடிக்கக் கொடுத்துவிடுவேன். ஆனால் முந்தானை வரும் ஒன்றரை மீட்டரில் வெட்டக் கூடாது. அங்கே முழு அகலமும் வேண்டும். மெதுவாகச் சரிவாக வெட்டிக்கொண்டே போய் முந்தானைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். கடைக்காரனிடம் சொன்னால் என்னைப் பைத்தியம் போலப் பார்ப்பான். ஃபால்ஸ் தைக்கிற பெண்ணுக்குப் புரியும்.

பட்டில் கத்தரி வைக்காதே. பட்டுக்கு: கட்டுவதற்கு முன்னாலேயே மேல் ஓரத்தை நான்கு அங்குலம் உள்பக்கமாக மடித்து இஸ்திரி போட்டு வைத்துக்கொள். சொருகும்போது கையால் தட்டித் தட்டிச் சமமாக விடு, உருட்டாதே. உள்பாவாடை நாடாவைத் தொப்புளுக்கு மேலே கட்டு. நாடா போட்டுச் சுருக்கிய பாவாடையை விட்டுவிட்டு, மேலே சுருக்கமில்லாமல் பட்டி வைத்து, கீழே பீஸ் பீஸாகச் சேர்த்துத் தைத்த பாவாடை போடு. முக்கியமாக, கல்யாணத்துக்குப் போடப் போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டு. வெறுங்காலில் கட்டிவிட்டு அப்புறம் செருப்பு மாட்டினால் சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

கட்டப் போகிற சேலை என்ன சேலை?

குட்டிக்குருவி | திங்கள், காலை 9.48

அம்மாவின் கல்யாணப் பட்டு, பெரியம்மா. அரக்கு நிறம், பச்சைக் கரை. கரை மட்டும் ஒரு சாணுக்கு மேல் இருக்கும்.

வடபழனி வாசி | திங்கள், காலை 10.00

நான் அப்போதே சொன்னேன், அகலக் கரை வேண்டாம் என்று.

பெரம்பூர் பெரியம்மா | திங்கள், காலை 10.25

அம்மா கல்யாணப் பட்டைக் கரை பெரிது என்று கட்டாமல் விடுவார்களா தம்பி? முழங்கால் வரை கரைதான் தெரியும், தெரியட்டும். புதிதாக வாங்குவதென்றால் இரண்டு விரல், மூன்று விரல் கரையாக எடு என்று நானும் சொல்வேன். இருக்கிறதைக் கட்டும்போது வேறு வழி பார்க்கலாம். கரை நிறத்தில், பச்சையில் ரவிக்கை போடாதே, சேலையின் உடல் நிறமான அரக்கிலேயே போடு. மேலிருந்து முழங்கால் வரை ஒரே நிறமாக ஓடும், கரை கீழே தனியாக நிற்கும். முந்தானையை ஒற்றையாக விடாமல் மடிப்பு நான்கு விரல் அகலத்துக்கு வைத்துத் தோளில் குத்து. பின்னால் முழங்கால் வரை தொங்கட்டும்.

நான் கண்டாங்கியே கட்டுகிறவள். பெரிய கட்டம், பெரிய கரை, தடித்த நூல். குள்ளமானவர்கள் கட்டக் கூடாத எல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் நான் கட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் அன்றைக்குக் கொஞ்சம் ஒழுங்காக உட்காருவார்கள். கஞ்சி மட்டும் ரொம்ப லேசாகப் போட வேண்டும், இல்லையென்றால் சேலை ஓர் ஊருக்கும் நான் ஓர் ஊருக்கும் போவோம்.

மொட்டைமாடி | திங்கள், காலை 11.10

பருத்திச் சேலை பழக்கம் வந்துவிட்டால் எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸ் போய்ப் பாருங்கள் குருவி. தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பார்கள். 1935லிருந்து இருக்கும் நெசவாளர் கூட்டுறவு அது. மென்மையாக உடம்போடு படியும் சேலை வேண்டுமென்றால் சுங்குடி கேளுங்கள், சின்னப் புள்ளிகளாக இருக்கும், நமக்குப் பொருந்தும். விறைப்பாக நிற்கும் ஆர்கன்சா துணி மட்டும் வேண்டாம், எனக்கு ஊதிய பலூன் மாதிரி நின்றது.

பீச் ஸ்டேஷன் | திங்கள், மதியம் 1.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மனைவியும் இந்த அளவுதான். பிறந்தநாளுக்குச் சொல்லாமல் குர்தி வாங்கிக் கொடுக்கலாமா?

புரசைப் பொண்ணு | திங்கள், மதியம் 1.20

சொல்லாமல் காசு கொடுங்கள்.

குட்டிக்குருவி | திங்கள், இரவு 7.40

பெரியம்மா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. டேப் வைத்துப் பார்த்தேன், 33 தான். அம்மாவையும் உட்கார வைத்து அளந்தேன், அவரும் முப்பது வருடமாகத் தப்பான அளவு. எங்கே போய் வாங்குவது என்று சொல்லுங்கள். ரங்கநாதன் தெருவில் சனிக்கிழமை போய்க் கூட்டத்தில் பாதி உயிர் போய்விட்டது.

மொட்டைமாடி | திங்கள், இரவு 8.05

சனி, ஞாயிறு யாராவது ரங்கநாதன் தெருவுக்குப் போவார்களா? செவ்வாய், புதன் காலை கடை திறந்த உடனே போங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் நிலையம் பக்கம் போக வேண்டுமென்றால் 2023இல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறிவிடுங்கள், கூட்டத்தில் இடிபட வேண்டாம். கை தைக்காத குர்திகள் அந்தத் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் நிறைய. பாண்டி பஜாரில் இப்போது அகல நடைபாதை இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் பழைய மாதிரி பேரம் குறைந்துவிட்டது.

பீச் ஸ்டேஷன் | திங்கள், இரவு 8.30

துணியாக எடுப்பதென்றால் பாரிமுனை கோடவுன் தெரு. மொத்த வியாபாரம்தான், சில கடைகளில் மட்டும் சில்லறையாக மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், வாசலிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டுகளைத்தான் பார்க்கலாம். என் ஆபீஸ் அங்கேதான். மனைவிக்குத் துணி வாங்கிக் கொடுப்பது இப்போதுதான் தோன்றுகிறது, குர்தியைவிட அது பரவாயில்லையா?

புரசைப் பொண்ணு | திங்கள், இரவு 8.34

அது பரவாயில்லை. தையல் கூலியும் சேர்த்துக் கொடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை விட்டுவிட்டீர்களே. தி.நகரில் பாதிக் கூட்டம் விளம்பரத்துக்கு வருவது, எம்.சி. ரோட்டுக்கு வாங்குவதற்கு வருவார்கள். வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவே இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று கல்யாணத்துக்கு அங்கேதான்.

ஊசிநூல் | திங்கள், இரவு 9.15

எங்கே வாங்கினாலும் ரேயான் துணியாக இருந்தால் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிட்டு அப்புறம் கொண்டு போங்கள். நீளத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம் சுருங்கும். பருத்தியும் அப்படித்தான். நமக்கு 38 அங்குலத்தில் ஒன்றரை போனால் குர்தி டாப்ஸாகிவிடும்.

பேன்ட்டுக்கு: கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே முடியும் நேர் பேன்ட். சுடிதார் மடிப்பு கணுக்காலில் சேர்ந்து காலைக் குட்டையாக்கும், பாட்டியாலா கேட்கவே வேண்டாம். குர்தியும் பேன்ட்டும் ஒரே நிறமாகவோ கிட்டத்தட்ட ஒரே நிறமாகவோ இருந்தால் ஆள் இரண்டு துண்டாகத் தெரிய மாட்டார். மஞ்சளானாலும் சரி, கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

வடபழனி வாசி | திங்கள், இரவு 9.22

சரி சரி, கறுப்பை விட்டுவிடுகிறேன். ஹீல்ஸாவது ஒத்துக்கொள்வீர்களா?

தரமணி இஞ்சிடீ | திங்கள், இரவு 9.40

சோழிங்கநல்லூர் போகும் ஓஎம்ஆர் சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கம் நீங்கள் ஒரு நாள் மூன்று அங்குல ஹீல்ஸ் போட்டு பஸ்ஸுக்கு ஓடிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

குட்டிக்குருவி | 27 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. கணக்குச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

கோடவுன் தெருவில் இரண்டு துணி, இரண்டேகால் மீட்டர் வீதம், மீட்டர் 120: 540 ரூபாய். தையல் 350 வீதம் 700. கை தைக்காத குர்தி இரண்டு: 700. அதற்குத் தோள் வெட்டி, கை வைத்து, வளைவு ஏற்றி, நீளம் குறைக்க 120 வீதம் 240. நேர் பேன்ட் இரண்டு 800, கீழே மடித்து அடிக்க 80. பிரா 550. மொத்தம் 3610. மீதி 390 கையில் இருக்கிறது.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ரேயான் குர்தி இரண்டில் ஒன்றை ஊசிநூல் அக்கா சொன்ன மாதிரி நனைத்தேன். இன்னொன்றை, மறுநாளே போட்டுப் பார்க்கும் ஆசையில், நனைக்காமல் கொடுத்துவிட்டேன். டெய்லர் அழகாக 37 அங்குலத்துக்கு வைத்துக் கொடுத்தார். முதல் துவையலில் 35½. உட்கார்ந்தால் சங்கடமாக இருக்கிறது. மாற்றவும் முடியாது, பில்லில் தள்ளுபடிச் சரக்கு என்று முத்திரை. இப்போது அதை வீட்டில் போடுகிறேன்.

மற்ற மூன்றும் சரியாக இருக்கின்றன. கடுகு மஞ்சள் குர்தி, அதே மஞ்சளுக்குக் கொஞ்சம் கம்மியான நிறத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு போன அன்று, டீம் லீட் அக்கா எங்கே தைத்தது என்று கேட்டார். அக்காவும் வந்து போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அது சட்டை மாதிரி நின்றது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்யாணப் பட்டு அடுத்த ஞாயிறு. மடித்து இஸ்திரி போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன் பெரியம்மா. நான்கு அங்குலம் மடித்தும் கொஞ்சம் உப்புகிறது.

பெரம்பூர் பெரியம்மா | ஞாயிறு, மாலை 5.45

கொசுவத்தை இடது பக்கம் தள்ளி வை, தொப்புளுக்கு நேரே வைக்காதே. ஆறு மடிப்பு வைத்தால் ஐந்தாக்கு, மீதியைப் பின்பக்கம் சுற்றிலேயே விடு. சொருகிய பிறகு உள்ளே கையை விட்டு மடிப்புகளைக் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துவிடு. உப்பல் அடங்கிவிடும். அம்மாவைக் கீழே உட்காரச் சொல்லி கரையைப் பிடித்துச் சமன் செய்யச் சொல், தனியாகக் கட்டாதே.

ஊசிநூல் | ஞாயிறு, மாலை 6.20

சுருங்கின குர்தியைத் தூக்கிப் போடாதீர்கள் தங்கச்சி. அதில் நீளம் வெட்டிய துணி இருக்கிறதா? டெய்லரிடம் கேட்டு வாங்கினீர்களா, இல்லை அவரிடமே விட்டுவிட்டீர்களா?

குட்டிக்குருவி | ஞாயிறு, மாலை 6.24

வாங்கி வைத்திருக்கிறேன் அக்கா. ஆறு அங்குலப் பட்டை, அதே நீலப் பிரின்ட்.

ஊசிநூல் | ஞாயிறு, மாலை 6.31

அப்படியானால் கீழே இரண்டரை அங்குலம் பட்டி வைத்துச் சேர்த்துவிடலாம். கை ஓரத்திலும் மெல்லிசாக அதையே வைத்தால் டிசைன் என்று நினைப்பார்கள். 60 ரூபாய் வேலை. பட்டையை முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள்.

குட்டிக்குருவி | ஞாயிறு, மாலை 6.33

வாளியில் போட்டாச்சு.